விளையாட்டு வீரர்க்கு உளவியல் தரும் துணை

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் மாலை, இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

  

கழகத்தார் என்னை அழைத்தபோது, கல்வியைப் பற்றிப் பேசவேண்டும் என்றே முதலிற் கேட்டனர். நான் 31 ஆண்டுகள் உடற்பயிற்சி ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆடுகளத்தைத் தவிர வேறொன்றையும் அறிந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. ஆகவே ஆடுகளத்தில் நான் கற்ற கல்வியைப் பற்றியே பேசுகிறேன் என்று இசைவு பெற்றுக்கொண்டு உங்கள்முன் நிற்கின்றேன்.

ஓடுகிறவன் காலால் ஓடுகிறான். எறிகிறவன் கையால் எறிகிறான். அந்தக் காலையும் கையையும் ஏவுவது உள்ளம். உள்ளம் தளர்ந்தால் பத்தாண்டுப் பயிற்சியும் பத்து நொடியில் வீணாகும். அவ்வுள்ளத்தை ஆராய்ந்து, அதனைப் பயிற்றவும் பேணவும் வழிகாட்டும் அறிவுத்துறைக்கு விளையாட்டு உளவியல் என்று பெயர். அதனைப் பற்றிச் சொல்லுமுன் என் தவறு ஒன்றை உங்கள்முன் வைக்கவேண்டும்.

ஒரு மாணவனும் என் தவறும்

நான் பணியிற் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், காலனியிலிருந்து ஒரு மாணவன் எங்கள் பள்ளிக்கு வந்தான். 400 மீட்டர் ஓட்டத்தில் அவனுக்கு இணையானவர் எங்கள் வட்டாரத்தில் எவரும் இலர். மாவட்டப் போட்டிக்கு அவனை அழைத்துச் சென்றேன். முதல்நாள் இரவு எல்லாப் பள்ளி மாணவரும் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளிற் படுத்தனர். ஓடுபாதை ஒதுக்கும் கூட்டத்திற்கு நான் சென்றுவிட்டேன்.

மறுநாட் காலை அவன் களத்தில் இறங்கினான். முதல் 200 மீட்டர் வரை அவன்தான் முன்னால் ஓடினான். பிறகு தோள் உயர்ந்தது, கழுத்து விறைத்தது, கால் மரக்கட்டையாயிற்று. கடைசியாக வந்துசேர்ந்தான். நான் எல்லோர் முன்னிலையிலும், "உனக்குக் கால் இருக்கிறது, நெஞ்சு இல்லை" என்று சொன்னேன். திங்கட்கிழமை என் மேசைமேல் ஓட்டக் காலணிகள் இருந்தன. அதன்பின் அவன் மைதானத்திற்கு வரவே இல்லை.

ஈராண்டு கழித்துத்தான் வேறொரு மாணவன் எனக்கு உண்மையைச் சொன்னான். அன்றிரவு பிற பள்ளி மாணவர் சிலர் அவனிடம், "உங்கள் ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கின்றனர். அவன் சொன்னான். சொன்னபின் அவன் பாயருகே எவரும் பாய் விரிக்கவில்லை. தண்ணீர்க் குடம் இடம் மாறியது. அவன் தாழ்வாரத்திற் படுத்தான், உறங்கவில்லை. அந்த இரவைச் சுமந்துகொண்டுதான் மறுநாள் ஓடினான். நான் அறியாமல் அதன்மேல் என் சொல்லையும் ஏற்றினேன்.

அவர் இன்று நன்றாகவே வாழ்கிறார். கண்டால் வணக்கம் சொல்லுகிறார். ஓட்டத்தைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசுவதில்லை. உளவியல் நூல்களை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அவருக்குப் பின்னர்தான்.

இத்துறை தோன்றிய வகை

1898ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். மிதிவண்டிப் பந்தயங்களின் நேரக் கணக்கைப் பார்த்து, தனியே ஓட்டுவதைவிடப் பிறரோடு போட்டியிட்டு ஓட்டும்போது வேகம் கூடுவதை அவர் கண்டார். பிறகு 40 சிறுவர் சிறுமியரை, மீன்பிடிக் கயிறு சுற்றும் உருளையைச் சுழற்றச் செய்தார். போட்டியென்று வந்ததும் 20 பேர் வேகம் கூடினர்; 10 பேரிடம் மாற்றம் பெரிதாக இல்லை; எஞ்சிய 10 பேர்க்கு வேகம் குறைந்தது. மிகையான கிளர்ச்சியால் தசைகள் விறைத்ததே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். எண்ணிப் பாருங்கள்! நாற்பதில் பத்துப் பேர். என் மாணவனின் விறைத்த கழுத்தை அந்நூலில் நான் கண்டேன். அது நெஞ்சுரம் இல்லாமை அன்று. மனித உடலின் இயல்பு.

1925இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் என்பவர் விளையாட்டுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அவர் எழுதிய பயிற்சியாளர்க்கான உளவியல் நூல் 1926இல் வெளிவந்தது. இன்று முன்னேறிய நாடுகளின் ஒலிம்பிக் அணிகளோடு மருத்துவர் செல்வதுபோல் உளவியலாளரும் செல்லுகின்றனர்.

பந்தயத்தில் உடலுக்கு நேர்வது

அச்சம் வந்தவுடன் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினைக் குருதியிற் கலக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, கவனம் குறுகுகிறது. ஓரளவு கிளர்ச்சி வேண்டுவதே. பளு தூக்குவோர்க்கு அது மிகுதியாகவும் வேண்டும். ஆனால் துப்பாக்கி சுடுவோர்க்கும் வில் வளைப்போர்க்கும் அதே கிளர்ச்சி கேடாக முடியும். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திற்கும், ஒவ்வொருவர் இயல்புக்கும் ஏற்ற அளவைக் கண்டறிய வேண்டும்.

கவனம் கலைவதன் விலை எவ்வளவு? 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா நொடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். வேறொரு வீராங்கனை முன்கூட்டியே புறப்பட்டதால் ஓட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. அதில் தம் ஒழுங்கு கலைந்தது என்று உஷா பின்னாளில் கூறியிருக்கின்றார். கலைந்த கவனத்தை மீட்டுக் குவிப்பதும் ஒரு பயிற்சி. அதனை அந்நாளில் நம் நாட்டு வீரர்க்குக் கற்பிப்பார் அரியர்.

நிலைமை மெல்ல மாறியது. அபினவ் பிந்திரா 2004ஆம் ஆண்டு ஏதன்ஸ் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். 2008இல் பெய்ஜிங்கில் அதே போட்டியில், கடைசிக் குண்டிற்கு 10.8 புள்ளி பெற்று, தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியரானார். அதற்குமுன் அச்சத்தை ஆள்வதற்கென்றே 40 அடி உயரக் கம்பத்தின் உச்சியில் ஏறி நின்றார். சென்னையைச் சேர்ந்த டி. குகேஷ், 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அத்தோல்வியிலிருந்து மீண்டு, 14ஆம் ஆட்டத்தின் முடிவில் 7.5க்கு 6.5 என்ற கணக்கில் வென்று, 18 வயதில் உலக வாகையர் ஆனார். தென்னாப்பிரிக்க நாட்டு மனப்பயிற்சியாளர் பேடி அப்டன் அவருக்குத் துணையாயிருந்தார்.

பிந்திராவின் இல்லத்திலேயே சுடுதளம் இருந்தது. வசதியுடையார் பெறுகின்ற இத்துணையை நம் பிள்ளைகளுக்கு யார் தருவது? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வினா.

இரட்டைச் சுமை

எல்லா வீரர்க்கும் போட்டி என்னும் சுமை உண்டு. நம் பிள்ளைகளுக்கு மற்றொரு சுமையும் உண்டு. "இவனால் ஆகாது" என்று ஊர் நினைப்பதை அவனும் அறிந்திருக்கிறானே, அதுதான் அந்தச் சுமை.

1999இல் ஜெஃப் ஸ்டோன் என்னும் உளவியலாளரும் அவர் துணைவரும் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கருப்பின மாணவரையும் வெள்ளையின மாணவரையும் சிறு கோல்ஃப் ஆட்டம் ஆடச் செய்தனர். "இது விளையாட்டு அறிவை அளக்கும் சோதனை" என்று சொன்னபோது கருப்பின மாணவர் ஆட்டம் தாழ்ந்தது. "இது பிறவியில் அமைந்த உடற்றிறனை அளக்கும் சோதனை" என்றபோது வெள்ளையின மாணவர் ஆட்டம் தாழ்ந்தது. பந்து அதே பந்து. குழி அதே குழி. தம் இனத்தைப் பற்றிய தாழ்ந்த கருத்தை நினைவூட்டும் சொல் ஒன்றுதான் வேறுபட்டது. இத்தகைய விளைவு சில இடங்களிற் சிறிதாகவும், சில இடங்களில் இல்லாமலும் இருப்பதைப் பிற்கால ஆய்வாளர் கண்டுள்ளனர் என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஆயினும், "எந்தத் தெரு?" என்ற கேள்வி ஒரு சிறுவனின் காலை என்ன செய்தது என்பதை நான் கண்ணாற் கண்டவன்.

நம் வரலாற்றில் இச்சுமையைத் தனியே தூக்கியவர் ஒருவர் உண்டு. 1876இல் தார்வாடிற் பிறந்த பல்வங்கர் பாலு, புனேயில் ஐரோப்பியர் மன்றத்து மைதானத்திற் பணியாளராக இருந்தார். அங்கே அவர்களுக்கு இடக்கையாற் பந்து வீசினார். மட்டையைத் தொட அவரை விடவில்லை. அவர் திறத்தைக் கண்டு இந்து அணியினர் தம்மோடு சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தையே மற்றவரும் தொட்டனர். ஆட்டத்தின் இடைவேளையிலோ, மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கிண்ணத்தில் தேநீர். பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்படியிருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. போராட்டத்திற்குப் பின் 1923இல் அவர் தம்பி விட்டல் அத்தலைமையைப் பெற்றார்.

இது பழங்கதை என்பீர்களா? 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு வருவோம். உத்தரகண்ட் மாநிலம் அரித்துவார் மாவட்டத்தைச் சேர்ந்த வந்தனா கட்டாரியா, சூலை 31ஆம் நாள் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவரே. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் தந்தை இறந்தபோது பெங்களூருப் பயிற்சி முகாமில் இருந்ததால் இறுதிச் சடங்கிற்கும் செல்ல இயலாதவர் அவர். ஆகஸ்டு 4ஆம் நாள் அரையிறுதியில் இந்திய அணி அர்ச்சென்டினாவிடம் தோற்றது. அன்று அவர் வீட்டின்முன் சிலர் வெடி வெடித்தனர்; சாதியைச் சொல்லி ஏசினர்; தாழ்த்தப்பட்டவர் பலர் அணியில் இருப்பதாலேயே தோல்வி என்றனர். காவல்துறை வழக்குப் பதிந்தது. அச்செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆகஸ்டு 6ஆம் நாள் பிரிட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் வந்தனா மீண்டும் களமிறங்கினார். ஒரு கோல் அடித்தார். இந்தியா 3க்கு 4 என்று தோற்றது. ஆனால் அந்தக் கோலை நாம் மறக்கலாகாது.

வந்தனாவைப் போற்றுவோம். போற்றுவதோடு நின்றுவிட்டால் நாம் தவறிழைத்தவர் ஆவோம். ஒவ்வொரு பிள்ளையும் வந்தனாவாகவோ பாலுவாகவோ இருந்துதான் தீரவேண்டும் என்று கேட்பது அறமன்று. சுமையைத் தாங்குகிறவனைப் பாராட்டுவதைக் காட்டிலும் சுமைக்குத் தோள் கொடுப்பதே பெரியோர் கடன்.

தன்னம்பிக்கையின் நான்கு ஊற்றுகள்

தன்னம்பிக்கை பிறவியில் வருவதன்று, குலத்தில் வருவதுமன்று. 1977இல் ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர் அதற்கு நான்கு ஊற்றுகளைக் காட்டினார்.

முதலாவது, தானே செய்து முடித்த அனுபவம். ஆகையால் தொடக்கத்திலேயே எட்டாத இலக்கை வைத்துப் பிள்ளையைத் தோற்கடிக்கக் கூடாது. படிப்படியாய் உயர்த்தவேண்டும்.

இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது. பாலுவின் ஆட்டத்தைக் கண்டு வளர்ந்த தம்பியர் சிவராம், கண்பத், விட்டல் ஆகிய மூவரும் அதே அணியில் ஆடினர். நம் தெருவில் ஒருவன் மாநில அளவில் ஓடினால், அவனைப் பார்க்கும் பத்துச் சிறுவர்க்கு அதுவே பாடம்.

மூன்றாவது, நம்பத்தக்கவர் சொல்லும் ஊக்கச் சொல். வெறும் புகழ்ச்சி பயன் தராது. "இன்று நீ வளைவில் தோளைத் தளர்த்தி ஓடினாய், அது நன்று" என்று குறிப்பாகச் சொல்லும் சொல்லே நிலைக்கும். பழிச்சொல்லோ அதனினும் ஆழமாக நிலைத்துவிடும்; என் சொல் நிலைத்ததுபோல.

நான்காவது, தன் உடலின் குறிகளைத் தான் எவ்வாறு பொருள்கொள்கிறான் என்பது. நெஞ்சு படபடக்கும்போது "பயந்துவிட்டேன்" என்று எண்ணுகிறவனும் உண்டு. "உடல் ஆயத்தமாகிவிட்டது" என்று எண்ணுகிறவனும் உண்டு. படபடப்பு இருவர்க்கும் ஒன்றுதான்.

இளைஞர்கள் செய்யத்தக்க பயிற்சிகள்

பணம் செலவில்லாத பயிற்சிகள் சிலவற்றைச் சொல்லுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

மூச்சை மெல்ல உள்ளிழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிடுங்கள். இதயத் துடிப்பு தணியும். இதனைப் பந்தய நாளன்று புதிதாகத் தொடங்கிப் பயனில்லை, நாள்தோறும் பழகவேண்டும்.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பின் தளர்த்துங்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் மருத்துவர் 1929இல் நூலாக வெளியிட்ட முறை இது. இறுக்கம் எது, தளர்ச்சி எது என்று உடலுக்குக் கற்பிப்பது இதன் நோக்கம். உறங்குமுன் செய்தால் உறக்கமும் நன்றாக வரும்.

கண்ணை மூடி, ஆட்டத்தை மனத்திரையில் ஓட்டிப் பாருங்கள். களத்தின் ஓசை, மண்ணின் சூடு, காலின் அசைவு எல்லாம் அதில் இருக்கட்டும். இது மைதானப் பயிற்சிக்கு மாற்றாகாது. அதனோடு சேர்ந்தாற் பயன் தரும்.

ஒரே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். கைப்பந்தில் பந்து போடுமுன் இருமுறை தட்டுவது, ஒரு மூச்சு விடுவது, இடம் பார்ப்பது என்று ஒன்றை வகுத்துக்கொண்டால், கூச்சலுக்கு நடுவிலும் மனம் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும்.

இலக்கைப் பிரித்து வையுங்கள். "முதற்பரிசு வாங்குவேன்" என்பது பிறர் ஓட்டத்தையும் பொறுத்தது. "வளைவில் தோளைத் தளர்த்துவேன்" என்பது உங்கள் கையில் உள்ளது. பந்தய நேரத்தில் இரண்டாவதை நினையுங்கள்.

உதவி கேட்பது இழிவன்று

இப்பயிற்சிகளுக்கு அப்பாற்பட்ட துன்பங்களும் உண்டு. காயம்பட்டு ஆட்டத்தை இழந்தவர், அணியில் இடம் இழந்தவர், அவமதிக்கப்பட்டவர் ஆகியோர்க்குத் துயரம் வாரக்கணக்கில் நீளலாம். உறக்கம் கெடும், உணவு வெறுக்கும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் தலைகாட்டும். அதனைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள். அது மருத்துவம் வேண்டும் நிலை.

உலகின் தலைசிறந்த உடல்வித்தை வீராங்கனை சிமோன் பைல்ஸ், டோக்கியோவில் குழு இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். காற்றிற் சுழலும்போது தம் உடல் எங்கிருக்கிறது என்னும் உணர்வு அவருக்கு அறுந்துபோயிற்று. அந்நிலையில் தாவினால் கழுத்து முறியலாம். பலர் ஏசினர். அவரோ உதவி நாடினார்; ஓய்வெடுத்தார். 2024இல் பாரிசில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். தக்க நேரத்தில் நின்றதும் ஒரு வீரமே.

நம்மிடையே ஆண்பிள்ளைகள் அழக்கூடாது என்கிறோம். பெண்பிள்ளைகள் சொன்னால் "வீட்டில் இரு" என்று ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறோம். இரண்டும் தவறு. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உள்ளனர். 2022ஆம் ஆண்டு நடுவணரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி எண் 14416, கட்டணம் இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கழகம் செய்யத்தக்கவை

பெரியோர்களே! இறுதியாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று. நம் பிள்ளை எவரும் வெளியூர்ப் போட்டிக்குத் தனியே செல்லலாகாது. பயிற்சியாளர் கூட்டத்திற்குப் போய்விடுவார், நான் போனதுபோல. ஆகவே கழகத்தின் சார்பில் மூத்தவர் ஒருவர் உடன் சென்று, அவன் பாயருகே தம் பாயை விரிக்கவேண்டும். பெண்பிள்ளைகளோடு தாய்மார் ஒருவர் செல்லவேண்டும். அவமதிப்பு நேர்ந்தால் அன்றே முறையிடவேண்டும். அதனைப் பிள்ளையின் நெஞ்சில் இறக்கிவைத்து ஊர் திரும்பக் கூடாது.

இரண்டு. நம் இரவுப் பாடசாலை ஆசிரியருள் இருவரையேனும் உளவியல் வழிகாட்டுதலிற் பயிற்சி பெற அனுப்பவேண்டும். அவர்கள் துணை ஆட்டக்காரர்க்கு மட்டுமன்றி, தேர்வு எழுதும் மாணவர்க்கும் பயன்படும். தேர்வு மண்டபமும் ஓர் ஆடுகளமே.

மூன்று. மாநில அளவில் ஆடிய நம் மூத்த வீரர்கள் திங்கள்தோறும் ஒரு மாலை இளையோரோடு அமரவேண்டும். வென்ற கதையை மட்டும் சொல்லாமல், தோற்ற கதையையும், தோற்றபின் எழுந்த கதையையும் சொல்லவேண்டும்.

இளைஞர்களே! உங்களுக்கு நெஞ்சு இல்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அவ்வாறு சொன்ன ஒருவன்தான், தான் சொன்னது பொய் என்று இம்மேடையில் நின்று ஒப்புக்கொள்கிறான். உடலைப் பயிற்றுவதுபோல் உள்ளத்தையும் பயிற்றுங்கள். சுமை மிகும்போது அருகிலுள்ளவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வருவதற்கு இக் கழகம் இருக்கிறது என்ற நம்பிக்கையை உங்களுக்கு அளிப்பதே இவ்வெள்ளிவிழாவின் சிறந்த பரிசாகும்.